மனித உடலின் உறுப்பு மண்டலங்கள்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு மாலை வகுப்பில் அறிவியல் சொல்லித் தருகிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வாசலில் நின்றபடியே கேட்கும் கேள்விகள் பல நேரங்களில் பாடநூலைவிட ஆழமாகச் செல்கின்றன. அவற்றுள் திரும்பத் திரும்ப வருகின்றவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

உறுப்பு மண்டலம் என்றால் என்ன? உடலில் மொத்தம் எத்தனை மண்டலங்கள் உள்ளன?

ஒரே வகை வேலையைச் செய்யும் உயிரணுக்கள் சேர்ந்தால் திசு. திசுக்கள் பல சேர்ந்து ஒரு வடிவமும் ஒரு பணியும் பெற்றால் உறுப்பு. ஒரு பெரிய வேலையை முடிப்பதற்காக உறுப்புகள் பல கைகோத்தால் அது உறுப்பு மண்டலம். தோல், எலும்பு, தசை, நரம்பு, நாளமில்லாச் சுரப்பி, இரத்த ஓட்டம், நிணநீர், சுவாசம், செரிமானம், சிறுநீர், இனப்பெருக்கம் எனப் பதினொரு மண்டலங்களாகப் பிரிப்பது பெரும்பாலான நூல்களின் வழக்கம். எலும்பையும் தசையையும் ஒன்றாகக் கொள்பவர்களும், நோய் எதிர்ப்பைத் தனியாக எண்ணுபவர்களும் இருப்பதால் எண்ணிக்கை சற்றுக் கூடும், குறையும்.

இந்தப் பிரிவினை படிப்பவர்களின் வசதிக்காக ஏற்பட்டது. உடலுக்குள் அப்படி வேலி எதுவும் கிடையாது. கணையம் உணவைச் சிதைக்கும் சாற்றைக் குடலுக்குள் விடுகிறது. அதே கணையம் இன்சுலினை நேராக இரத்தத்துக்குள் விடுகிறது. அது எந்த மண்டலத்தைச் சேர்ந்தது என்று பிள்ளையிடம் கேட்டு ஒரே ஒரு விடையை எதிர்பார்ப்பது சரியன்று என்பதே என் கருத்து. ஒரு மண்டலத்தில் ஏற்படும் குறை வேறு எந்தெந்த மண்டலங்களில் வெளிப்படும் என்று கேட்கப் பழக்கினால், பிள்ளைகளுக்கு உடல் உண்மையாகவே விளங்கத் தொடங்கும்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

எல்லா மண்டலங்களையும் ஒருசேரப் பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் ஊரில் இல்லை. முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே, ஏறப்போகிறோம் என்பதை அறிந்த மூளை இதயத்தின் துடிப்பைச் சற்று உயர்த்திவிடுகிறது. தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் தங்களிடம் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை எரிக்கத் தொடங்குகின்றன. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். எரிந்து முடிந்தபின் கரியமில வாயுவும் வெப்பமும் மிஞ்சுகின்றன. ஆக்சிஜனைக் கொண்டுவருவதும், கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியேற்றுவதும் பிற மண்டலங்களின் பொறுப்பாகின்றன.

ஓய்வாக அமர்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. கடுமையாக உழைக்கும்போது, நலமாக உள்ள ஒருவரின் இதயம் இதை 20 லிட்டர் அளவுக்கு உயர்த்த வல்லது. அளவு கூடுவதோடு பங்கீடும் மாறுகிறது: ஓய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரத்தத்தையே பெறும் தசைகள், கடும் உழைப்பின்போது பெரும் பங்கை எடுத்துக்கொள்ள, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தம் குறைக்கப்படுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே மலையேறுகிறவர்களுக்கு வயிற்றைப் பிசைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சு வாங்குவது ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதால்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். இயல்பு நிலையில் மூச்சின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இரத்தத்தில் உள்ள கரியமில வாயுவின் அளவே. அது சிறிது கூடினாலும் மூளைத்தண்டு அதை உணர்ந்துவிடுகிறது. படி ஏறும்போது, உழைக்கும் தசைகளிலிருந்தும் நரம்புகள் வழியாகச் செய்தி சென்று மூச்சை விரைவுபடுத்துகிறது.

மேலே போய்ச் சேர்ந்ததும் சட்டென்று அசையாமல் நின்றுவிட வேண்டாம் என்று பெரியவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். காலிலிருந்து இரத்தத்தை மேலே தள்ளுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. அது சுருங்கும்போது சிரைகள் நசுங்கி இரத்தம் மேலேறுகிறது. சிரைக்குள் உள்ள வால்வுகள் அதைக் கீழே திரும்ப விடுவதில்லை. தசை திடீரென ஓய்ந்துவிட்டால் இரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றலாம். சில நிமிடங்கள் மெதுவாக நடந்தபின் நிற்பது நல்லது. பத்துமலையின் 272 படிகளுக்கும் இதே அறிவுரைதான்.

அவ்வளவு வியர்த்தும் உடல் ஏன் குளிர்வதில்லை?

வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது; நீரும் உப்பும் போகின்றன, வெப்பம் மட்டும் தங்கிவிடுகிறது. விசிறுவது பயன் தருவது இதனால்தான்: தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அது விலக்கி, ஆவியாதலை விரைவுபடுத்துகிறது.

ஒரு தட்டு நாசி கண்டார் உடலுக்குள் எங்கெங்கே போகிறது?

தோளில் காவடிபோலக் கட்டையைச் சுமந்து, அதன் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவு இது. சோறு, மீன் குழம்பு, பொரித்த கோழி, வெண்டைக்காய் என மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நார் நான்கும் ஒரே தட்டில் இருப்பதால் செரிமானத்தை விளக்க இதையே நான் எடுத்துக்கொள்வது வழக்கம்.

சோற்றின் மாவுச்சத்து வாயிலேயே சிதையத் தொடங்குகிறது. வெறுஞ்சோற்றை நெடுநேரம் மென்றால் இலேசாக இனிப்பது அதனால்தான். கோழியும் மீனும் வயிற்றில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் பெப்சின் என்னும் நொதிக்கும் உள்ளாகின்றன. குழம்பின் எண்ணெய்க்கு உண்மையான வேலை தொடங்குவது முன்சிறுகுடலில்தான். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் எண்ணெயைப் பிரிப்பதுபோல, கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் காத்திருந்த பித்தநீர் அதை நுண்துளிகளாகப் பிரிக்கிறது. பிறகு கணையத்தின் நொதிகள் அத்துளிகளைச் சிதைக்கின்றன. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் உட்சுவரில் நெருங்கி நிற்கும் குடலுறிஞ்சிகள் சத்துகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒரு பிரிவு உண்டு. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இரத்தத்தில் கலந்து நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பில் பெரும்பகுதியோ நிணநீர்க் குழாய்களின் வழியாகச் சுற்றிச் சென்று, கழுத்துக்கு அருகில் உள்ள பெரிய சிரையில்தான் இரத்தத்தோடு கலக்கிறது. நிணநீர் என்றாலே நோய் எதிர்ப்பு மட்டும் என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இது வியப்பாக இருக்கும்.

மிளகாயின் காரம் சுவை வகையைச் சேர்ந்ததன்று. அதிலுள்ள கேப்சைசின், வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளையே தூண்டுகிறது. வாய் சுடுகிறது என்று மூளை நம்பிவிடுவதால் நெற்றி வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது. எஞ்சிய நார் பெருங்குடலுக்குப் போய், அங்கே வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது.

இனிப்பு நீர் சர்க்கரை தொடர்பான நோய்தானே? அது ஏன் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் தாக்குகிறது?

வாசலில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் ஒருவராவது இந்நோயோடு வாழ்கிறார். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இந்த விழுக்காடு நாட்டின் சராசரியைவிடக் கூடுதலாக இருந்தது.

உணவு உண்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசையும் கொழுப்புத் திசுவும் எடுத்துக்கொள்ளும்படி இன்சுலின் ஆணையிடுகிறது. இன்சுலின் போதாமல் போனாலோ, அதன் ஆணையைத் திசுக்கள் கேளாமல் போனாலோ சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோலைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் முழுவதையும் மீட்க முடியாமல் சர்க்கரை சிறுநீரில் இறங்குகிறது. மலாய் மொழியின் 'கெஞ்சிங் மானிஸ்', நாம் சொல்லும் 'இனிப்பு நீர்' ஆகிய இரு பெயர்களும் குறிப்பது இதையே.

மிகுதியான சர்க்கரை ஆண்டுக்கணக்கில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைக் கெடுக்கிறது. அத்தகைய குழாய்கள் நெருக்கமாக உள்ள இடங்கள் எவை என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்: கண்ணின் விழித்திரை, சிறுநீரகத்தின் வடிகட்டிகள், நரம்புகளுக்கு ஊட்டம் தரும் மெல்லிய குழாய்கள். காலில் மூன்று கேடுகள் ஒன்றுசேர்கின்றன. நரம்பு மரத்துப்போவதால் முள் குத்தியது தெரிவதில்லை. இரத்த ஓட்டம் குறைவதால் புண் ஆறுவதில்லை. வெள்ளணுக்கள் சரிவர இயங்காததால் கிருமி பெருகுகிறது. ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதைச் சிறிய அறிவுரையாக எண்ணிவிடக் கூடாது.

வலியே இல்லாமல் 'புவா பிங்காங்' (சிறுநீரகம்) கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகும், அதுதான் வேதனை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டும் அலகுகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக விட்டுவிட்டு, மற்றதை இரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. அலகுகளில் ஒரு பகுதி அழிந்தாலும் எஞ்சியவை கூடுதல் சுமையைத் தாங்கிக்கொள்வதால் உடல் நெடுங்காலம் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. சோர்வும் வீக்கமும் தெரிய வருவதற்குள் பெரும்பகுதி போயிருக்கும். நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்துக்கொள்வதைத் தள்ளிப்போடாமல் இருக்க வேண்டும்.

வடிகட்டுவதோடு சிறுநீரகத்தின் வேலை முடிவதில்லை. சிவப்பணுக்களை உருவாக்குமாறு எலும்பு மச்சைக்குச் சொல்லும் ஹார்மோன் அங்கேதான் பெரும்பாலும் சுரக்கிறது. வைட்டமின் டி பயன்தரு நிலையை அடைவதும் அங்கேதான். இரத்த அழுத்தத்தைச் சீராக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இரத்தச்சோகையும் எலும்புத் தேய்வும் வருவது தனித்தனி நோய்களால் அன்று. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைந்திருந்தாலும் கழிவும் மிகுநீரும்தான் நீங்குகின்றன. ஹார்மோனை ஊசியாகப் போட வேண்டியிருக்கிறது.

புழுங்கல் அரிசி நல்லது என்று பாட்டி சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா?

உண்டு. அதன் முக்கியமான பக்கம் ஒன்று கோலாலம்பூரில் எழுதப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பலரைக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இறுதியில் இதயம் ஓய்ந்துவிடும். தீட்டிய பச்சரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களை அது வாட்டியது. புழுங்கல் அரிசியை உண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே அரிதாகவே காணப்பட்டது. வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி முதல் பிரிவையே தாக்கியது. அந்த முடிவுகள் 1907இல் வெளியாயின. தங்கள் சம்மதம் கேட்கப்படாமலேயே இதில் சேர்க்கப்பட்டு உயிர் இழந்தவர்களை நினைக்காமல் இந்த வரலாற்றை வகுப்பில் சொல்லிக் கடக்க எனக்கு மனம் வருவதில்லை.

தீட்டிய பச்சரிசியில் குறைந்திருந்த சத்து தயமின், அதாவது வைட்டமின் பி1. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் அது முழுதாகப் போய்விடுவதில்லை. சர்க்கரையை எரித்து ஆற்றலாக்கத் தயமின் இன்றியமையாதது; ஓய்வின்றி ஆற்றல் தேவைப்படும் நரம்பும் இதயமும் அதனால் முதலில் விழுகின்றன. சோற்றில் இருந்த குறை காலிலும் நெஞ்சிலும் தெரிந்ததால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க அத்தனை காலம் ஆனது.

புகைமூட்டக் காலத்தில் முகக்கவசம் உண்மையாகவே உதவுமா?

எந்தக் கவசம் என்பதைப் பொறுத்தது. மூக்கு முடி பெரிய தூசியைத் தடுக்கிறது. காற்றுக்குழாயின் சளி சிறியதைப் பிடிக்க, அங்குள்ள நுண்மயிர்கள் அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடுகின்றன. 1997, 2015 ஆண்டுகளில் சுமத்ரா, கலிமந்தான் தீயால் நம்மைச் சூழ்ந்த புகையில் இருந்ததுபோன்ற, 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்கள் இந்த இரு காவலையும் தாண்டி நுரையீரலின் கோடிக்கணக்கான காற்றுப்பைகளை அடைகின்றன. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கக் கூடும். ஆகவே புகைமூட்டம் இதய நோயாளிகளுக்கும் ஆபத்தானது. சாதாரணத் துணிக்கவசம் இவற்றைத் தடுப்பது குறைவு. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 வகையே பயன் தரும்.

முகக்கவசத்தின் வரலாற்றில் நம் தீவுக்கும் இடம் உண்டு. 1879இல் பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற டாக்டர் வூ லியென் தே, 1910இன் இறுதியில் மஞ்சூரியாவில் பரவிய பிளேக் நோய் மூச்சுக்காற்றின் வழியாகத் தொற்றுகிறது என்று உணர்ந்து, பஞ்சும் வலைத்துணியும் சேர்த்த கவசத்தை அணியச் சொன்னார். அதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் அந்நோயாலேயே இறந்தார்.

டெங்கிக் காய்ச்சலில் இரத்தத் தட்டணு இறங்குவது மட்டும்தான் ஆபத்தா?

இல்லை. இயல்பாக ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,00,000 வரை இருக்க வேண்டிய தட்டணுக்கள் டெங்கியில் குறைவது உண்மை. எல்லாரும் அந்த எண்ணையே விசாரிக்கிறார்கள். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வேறொன்று: இரத்தக் குழாய்ச் சுவர் கசிந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி, அழுத்தம் சரிந்துவிடுகிறது. இது காய்ச்சல் இறங்கும் நாள்களில்தான் நிகழ்கிறது என்பதால், 'காய்ச்சல் விட்டது, பிழைத்தோம்' என்று வீட்டில் இருந்துவிடுவது பேராபத்து. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அளவு மீறிய சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பப்பாளி இலைச் சாற்றை நம்பி நேரத்தைக் கடத்த வேண்டாம். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

'ஹாத்தி' என்றால் கல்லீரலா, மனமா? இடைநிலைப்பள்ளியில் பிள்ளை குழம்புகிறாளே?

மலாய் மொழியின் அறிவியல் வழக்கில் ஹாத்தி கல்லீரல், ஜந்துங் இதயம். பேச்சிலோ மனம் புண்பட்டால் 'சாக்கிட் ஹாத்தி' என்பார்கள். நம்மிடமும் இதே வழக்கம் இருப்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 'ஈரக்குலை நடுங்கியது' என்கிறோம் அல்லவா? உண்மையில் நடுக்கத்தைத் தொடங்கி வைப்பது மூளை. நரம்பு வழியே நொடிக்குள் ஆணை செல்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகிறது. நரம்பின் செய்தி விரைவில் போய் விரைவில் முடிகிறது; ஹார்மோனின் செய்தி மெதுவாகப் போய் நெடுநேரம் நிற்கிறது. அச்சம் தீர்ந்த பின்னும் நெஞ்சு படபடப்பது அதனால்தான். கல்லீரலும் சும்மா இருப்பதில்லை. தன் சேமிப்பில் உள்ள சர்க்கரையை அந்நேரத்தில் இரத்தத்துக்குள் விடுகிறது.

தமிழில் கருத்து தெளிந்த பிள்ளைக்கு மலாய்ச் சொல் ஒரு வார வேலை. இரண்டு மொழிச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

குழந்தைக்குப் பெரியவர்களைவிட எலும்புகள் அதிகமா?

ஆம். பிறக்கும்போது ஏறத்தாழ 270 முதல் 300 வரை உள்ள எலும்புத் துண்டுகள் வளர வளர இணைந்து 206 ஆகின்றன.

இனப்பெருக்க மண்டலத்தைப் பிள்ளைகளிடம் எந்த வயதில் பேசலாம்?

பூப்பெய்துவதற்கு முன்பே பேச வேண்டும். பின்பு பேசுவது தாமதம். ஒரு பெண் குழந்தை தன் வாழ்நாளுக்கு உரிய முட்டை உயிரணுக்களோடுதான் பிறக்கிறாள். பூப்பின்போது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஆணையால் அவை ஒவ்வொன்றாக முதிரத் தொடங்குகின்றன. சடங்குக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு சிறு பங்கை, என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே விளக்குவதற்கும் ஒதுக்குங்கள். முதல் உதிரத்தைக் கண்டு நோய் என்று அஞ்சி அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆண் பிள்ளைகளுக்கும் இதே பாடம் வேண்டும்.

எந்த மண்டலம் முதலில் வேலை தொடங்குகிறது?

இரத்த ஓட்ட மண்டலம். கருவுற்று ஏறத்தாழ 22ஆம் நாளில், தாய்க்கே கரு தங்கியது உறுதியாகத் தெரியாத நிலையில், இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. நுரையீரலோ பிறப்பு வரை காத்திருக்கிறது. அதுவரை ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வருவதால், நீர் நிறைந்த நுரையீரலைப் பெரும்பாலான இரத்தம் சுற்றிக் கடந்து செல்கிறது. இதயத்தின் இரு மேலறைகளுக்கும் இடையே அதற்கென ஒரு திறப்பே இருக்கிறது. குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது, இரத்தம் அங்கே பாய்கிறது, திரும்பி வரும் இரத்தத்தின் அழுத்தம் அந்தத் திறப்பின் மடலைத் தள்ளி மூடுகிறது. பிரசவ அறையில் எல்லாரும் குழந்தையின் அழுகுரலுக்குக் காது கொடுத்து நிற்பது இதற்காகத்தான்.